வணிக வானொலியிலிருந்து ராக் இசை வெளியேறியது யாரால்?

பதிவு 1 · பாலாற்றங்கரை (வேலூர்)

ராக் இசை வணிக வானொலியில் இடமிழந்ததற்கு மூன்று விடைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஹிப்-ஹாப் வந்து தள்ளிவிட்டது என்பது ஒன்று. இணையத்தில் வேண்டிய பாட்டை வேண்டியபோது கேட்கவைக்கும் ஸ்ட்ரீமிங் வந்தபின் வானொலியே தேவையற்றதாகிவிட்டது என்பது இன்னொன்று. ராக்கே தரம் கெட்டுப்போயிற்று என்பது மூன்றாவது. மூன்றாவதை நான் விவாதிக்கப் போவதில்லை. தன் இருபதாவது வயதோடு நல்ல இசை முடிந்துவிட்டது என்று நம்பாத தலைமுறை எதுவும் இல்லை.

முதல் இரண்டு விடைகளும் காலக்கணக்கில் இடிக்கின்றன. அமெரிக்காவில் ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்த பிரிவு, நுகர்வில் ராக்கை முந்தியதாக நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது 2017ஆம் ஆண்டுக்குத்தான். ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்குள் நுழைந்ததே 2011இல். ஆனால் நியூயார்க்கில் ராக்கின் அடையாளமாக இருந்த டபிள்யூஎன்இடபிள்யூ-எஃப்எம் 1999இலேயே பாட்டை விட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டது. வாஷிங்டன் வட்டாரத்தின் டபிள்யூஎச்எஃப்எஸ் 2005 ஜனவரியில் ஒரு நண்பகலில் திடீரென ஸ்பானிய மொழி நிலையமாயிற்று. 1968 முதல் ராக் ஒலிபரப்பிய பாஸ்டனின் டபிள்யூபிசிஎன் 2009 ஆகஸ்டில் மூடப்பட்டது. கொலை நடந்தபின் ஊருக்குள் வந்தவர்கள் மேல் பழி போடுகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

ராக் எஃப்எம் அலைவரிசைக்கு வந்த விதத்திலேயே அது வெளியேறப்போகும் காரணமும் இருந்தது என்பது என் கருத்து. 1960களின் நடுவில், பெரிய நகரங்களில் ஏஎம், எஃப்எம் இரண்டையும் வைத்திருந்த உரிமையாளர்கள் ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் முழுநேரமும் ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விதி செய்தது. எஃப்எம் நேரத்தில் பாதியையாவது தனி நிகழ்ச்சிகளால் நிரப்ப வேண்டியதாயிற்று. எஃப்எம் பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு. விளம்பரதாரர்கள் அதனினும் குறைவு. எதைப் போட்டாலும் கேட்க ஆளில்லை என்ற அலட்சியத்தில்தான் 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் டாம் டோனஹ்யூ போன்றவர்களுக்கு, ஒரு இசைத்தட்டின் முழுப் பக்கத்தையும் ஒலிக்கவிடும் சுதந்திரம் கிடைத்தது. அச்சுதந்திரத்தை யாரும் கொள்கையாகக் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கு விலை இல்லாதிருந்ததால் கிடைத்தது. நேயர்கள் சேர்ந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் ஆலோசகர்கள் வந்தார்கள். 1970களில் லீ ஏப்ரம்ஸ் வகுத்த 'சூப்பர்ஸ்டார்ஸ்' முறையில், எந்தப் பாடலை எத்தனை மணிக்கொரு முறை போடுவது என்பதை ஒலிபரப்பாளர் தீர்மானிப்பது நின்று, ஆராய்ச்சித் தாள் தீர்மானிப்பது தொடங்கியது.

இறுதி அடி 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம். அதற்கு முன் நாடு முழுவதற்கும் ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்த வரம்பை அடியோடு நீக்கி, பெரிய சந்தைகளில் ஒரே ஊரில் 8 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. கடனில் வாங்கிய நிலையங்கள் அவை. வட்டி கட்ட வேண்டிய நிலையத்தில் புதிய பாடலைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் துணிவு இருக்காது.

நண்பர்கள் மறுக்கலாம்.


பதிவு 2 · ஆம்பூர் தோல்

பாலாற்றங்கரை ஐயாவுக்கு வணக்கம். தோல் ஏற்றுமதி வேலையாக நியூஜெர்சியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், காரில் கேட்டதை வைத்து எழுதுகிறேன்.

ராக் வெளியேறிவிட்டது என்ற உங்கள் தொடக்கமே முழுமையாகச் சரியில்லை. வெளியேறியது புதிய ராக். பழைய ராக் இன்றும் அமெரிக்க வணிக வானொலியில் நல்ல நிலையில்தான் இருக்கிறது. 1985இல் மிச்சிகனில் ஃப்ரெட் ஜேக்கப்ஸ் என்ற ஆலோசகர் 'கிளாசிக் ராக்' என்ற நிகழ்ச்சி வடிவத்தை ஒரு நிலையத்தில் தொடங்கிவைத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய பாடல்களை மட்டும் போடுவது, புதியதைத் தொடவே தொடாதது என்பதுதான் அதன் இலக்கணம். அது பணம் காட்டியதும் நாடெங்கும் பரவிற்று. அதுவரை ஒரே நிலையத்தில் பழைய பாட்டின் தோளில் ஏறிப் புதிய பாட்டு நேயரிடம் வந்துகொண்டிருந்தது. பழையதைத் தனி நிலையமாகப் பிரித்தபின், புதியதைச் சுமக்கத் தோள் இல்லை.

1991இல் நிர்வாணா குழுவின் வெற்றிக்குப் பிறகு அந்தப் புதுவகை ராக்கைப் போடும் 'ஆல்டர்னேட்டிவ்' நிலையங்கள் பெருகியபோது இது மாறியதாகத் தோன்றியது. ஆனால் அவற்றுக்கும் அதே வியாதி வந்தது. நான் இருந்த பகுதியில் கேட்ட 92.3, கே-ராக், அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. காலையில் ஹோவர்ட் ஸ்டெர்னின் பேச்சுக்காகவே பெரும்பாலானோர் அந்நிலையத்தைத் திருப்பினார்கள். அவர் 2006 ஜனவரியில் சிரியஸ் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனதும் நிலையத்துக்குத் தன்னைத்தானே தெரியவில்லை. பேச்சுக்கு மாறினார்கள், 2007இல் மீண்டும் ராக்குக்குத் திரும்பினார்கள், 2009 மார்ச்சில் பாப் நிலையமாக்கிவிட்டார்கள். ராக் நிலையத்தைத் தாங்கியதே ராக் இல்லை, ஒரு பேச்சாளர் என்றால் பழியை முழுவதும் 1996இன் சட்டத்தின்மேல் போடுவது நியாயமா?


பதிவு 3 · கோட்டை வாசல்

வேலூர்க்காரர்கள் நடத்தும் இந்த இடத்தில் நியூயார்க் நிலையங்களின் சாவுப் பட்டியல் எதற்கு என்று அறிய விரும்புகிறேன். நம் ஊர் வானொலியில் ராக் எப்போது ஒலித்தது, இப்போது குறைந்துபோவதற்கு?


பதிவு 4 · ராணிப்பேட்டை ஸ்பாட்

கோட்டை வாசல் கேட்பது நியாயமான கேள்வி. நான் ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் விளம்பர நேரம் விற்று வந்தவன் (எந்த நிலையம் என்று கேட்க வேண்டாம்). நியூயார்க்கில் நடந்ததும் வேலூரில் நடக்காமலே போனதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியதே சென்னையில்தான். 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி அதைத் தொடங்கியது. தனியார் நிலையங்கள் வந்தது 2001 ஜூலையில், பெங்களூரில் ரேடியோ சிட்டியுடன். வேலூர், சேலம், ஈரோடு போன்ற ஊர்களுக்கு அவை வர, அரசு கட்டங்கட்டமாக நடத்திய அலைவரிசை ஏலத்தின் மூன்றாம் கட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைப் பண்பலை இவ்வளவு தொலைவுக்குச் சரியாக எட்டுவதில்லை. பெங்களூரின் ஆங்கில நிலையம் எட்டவே எட்டாது. ஆகவே ராக் கேட்கும் பழக்கம் நம் பக்கத்தில் வானொலி வழியாக உருவாகவில்லை. கேசட், நண்பர் கொடுத்த குறுந்தகடு, கல்லூரி விடுதி அறை ஆகியவற்றின் வழியாகத்தான் உருவானது.

ஒரு நிலையத்தின் செலவுக் கணக்கைப் பாருங்கள். ஏலத்தில் கட்டிய ஒருமுறை நுழைவுக் கட்டணம் இருக்கிறது. அதன்மேல் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 சதவீதமோ, நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதமோ, எது கூடுதலோ அது அரசுக்குப் போக வேண்டும். கோபுரச் செலவு, பாடல் உரிமைத் தொகை, ஆர்ஜே சம்பளம் எல்லாம் தனி. வருமானம் பத்து விநாடி விளம்பரத் துண்டு (ஸ்பாட்) ஒன்றுக்கு இவ்வளவு என்ற விலையில் வருகிறது. வாங்குபவர் யார்? லாங்கு பஜார் நகைக்கடை, துணிக்கடை, மனை விற்பவர், நீட் பயிற்சி மையம், தனியார் மருத்துவமனை. இவர்களில் ஒருவரும் என்னிடம் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று கேட்டதில்லை. தம் கடை வாசலில் உள்ள ஆட்டோவில் எந்த நிலையம் ஓடுகிறது என்பதுதான் அவர்களுடைய கருத்துக்கணிப்பு. 2007இல் தொடங்கிய ரேடியோ நேயர் அளவீடு மும்பை, டெல்லி, பெங்களூர், பின்னர் கொல்கத்தா என்ற நான்கு நகரங்களோடு நின்றது. சென்னைக்கே வரவில்லை என்னும்போது வேலூர் எங்கே? அளக்க முடியாத ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் விற்பனையாளன் கையில் சான்று இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியில் அமெரிக்க முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ஒன்றை மறக்க முடியவில்லை. ஓர் அரங்கில் நூறு பேரைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான பாடல்களின் துண்டுகளை, ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல் போகாமல், அடுத்தடுத்துப் போட்டு மதிப்பெண் வாங்குவார்கள். ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்கு மட்டுமே பத்து விநாடியில் மதிப்பெண் போட முடியும். மூன்று நிமிடம் மெல்ல ஏறிப் பிறகு வெடிக்கும் பாடலுக்கு அந்த அரங்கில் பிறப்பே கிடையாது. ராக் இசையின் நல்ல பாதி அப்படிப்பட்டது. இந்தச் சோதனை எந்த இசைக்கும் கெடுதல்தான் என்றாலும், நீண்ட முன்னிசையும் நடுவில் கிடார் தனியாவர்த்தனமும் உள்ள இசைக்குக் கூடுதல் கெடுதல்.

அதோடு 2007 முதல் அமெரிக்காவின் பெரிய நகரங்களில், நாட்குறிப்பில் நேயர் எழுதிக்கொடுக்கும் முறை போய், இடுப்பில் மாட்டும் சிறு கருவி வந்தது. நிலையத்தின் ஒலிக்குள் மறைந்திருக்கும் குறியை அது பிடித்து, எந்த நிமிடத்தில் நேயர் எங்கே தாவினார் என்று சொல்லிவிடும். நாட்குறிப்பில், 'நான் இந்த நிலையத்தின் ஆள்' என்ற பெருமிதத்தோடு நேயர்கள் தாம் கேட்காத நேரத்தையும் சேர்த்து எழுதினார்கள். கருவிக்குப் பெருமிதம் தெரியாது. தெரியாத பாட்டு வரும்போது விரல் வேறு நிலையத்துக்குப் போவதைத்தான் அது பார்த்தது.


பதிவு 5 · சத்துவாச்சாரி டீச்சர்

எல்லாரும் எழுதுவதைப் படித்தேன். நேயர் என்று சொல்லும்போது எல்லோர் மனத்திலும் ஓர் ஆண் நேயரே இருக்கிறார் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

ராணிப்பேட்டை சாருக்குத் தெரியும், வீட்டுக்கு என்ன வாங்குவது என்பதை முடிவு செய்பவர் பெண் என்று விளம்பர நிறுவனங்கள் நம்புகின்றன. 25 முதல் 54 வயது வரையிலான பெண்கள் அமெரிக்க வானொலியில் விலைமதிப்பு மிக்க கூட்டம். ராக் நிலையங்கள் அந்தக் கூட்டத்தைத் தாமே விரட்டின. ஒரு பெண் பாடகியின் பாட்டுக்கு அடுத்து இன்னொரு பெண்ணின் பாட்டைப் போடக் கூடாது என்பது அங்கே பல நிலையங்களில் எழுதப்படாத விதியாக இருந்தது. அதற்கு எதிர்வினையாகத்தான் கனடியப் பாடகி சாரா மெக்லாக்லன் 1997இல் பெண் கலைஞர்களை மட்டும் கொண்ட லிலித் ஃபேர் இசைப் பயணத்தைத் தொடங்கினார். அது அந்தக் கோடையில் பெரும் வசூல் கண்டது. வானொலி அதைப் பார்த்தும் பாடம் படிக்கவில்லை. 1990களின் கடைசியில் ராக் நிலையங்கள் இன்னும் ஆக்ரோஷமான ஆண்குரல் குழுக்களின் பக்கமே சாய்ந்தன. காலை நிகழ்ச்சிகளில் பெண்களைக் கேலி செய்வதே பிழைப்பாக இருந்தது. ஆம்பூர் நண்பர் குறிப்பிடும் ஸ்டெர்ன் அதற்கு உச்சம்.

ஆக, பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பாதியில் இளைஞர்களை மட்டும் வைத்துக் கடை நடத்தினார்கள். அந்த இளைஞர்கள் முதலில் இணையத்துக்கும் வீடியோ விளையாட்டுக்கும் போனவர்கள். கடை காலியானதில் வியப்பென்ன? சட்டத்தையும் கருவியையும் குறைகூறுவதற்கு முன்னால், ராக் நிலையத்தை நடத்தியவர்களின் ரசனைக் குறுகலையும் கணக்கில் சேருங்கள்.


பதிவு 6 · பாலாற்றங்கரை (வேலூர்)

டீச்சர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. என் வாதத்துக்கு அது துணையாகவே வருகிறது. மக்கள்தொகையில் ஒரு துண்டை மட்டும் அறுத்து விற்பது என்று முடிவெடுத்த பிறகு, அந்தத் துண்டுக்குப் பிடிக்காததை ஒதுக்குவதுதான் நிர்வாகத்தின் வேலையாகிவிடுகிறது.

கோட்டை வாசல் நண்பருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ராக் நம் வானொலியில் இல்லாமல் இருக்கலாம். கிளாசிக் ராக் நம் வானொலியில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் எந்தத் தமிழ்ப் பண்பலையைத் திருப்பினாலும் இளையராஜா வருகிறார். 1976இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர் அவர். ஆனால் இரவில் நம் காதுக்கு வருவன அதே சில நூறு பாடல்கள், அதே வரிசைக்கு மிக அருகில். அவருடைய அபூர்வமான பாடல்களைக் கேட்க வேண்டுமானால் யூடியூபில் தேட வேண்டியிருக்கிறது. தெரிந்ததையே திருப்பித் தருவது, நினைவை விற்பது, புதியதை அதன் பக்கத்தில் உட்காரவிடாதது என்று ஃப்ரெட் ஜேக்கப்ஸ் 1985இல் வகுத்த இலக்கணத்தின் அத்தனை விதிகளும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. அங்கே ராக்குக்கு நடந்தது இங்கே திரையிசைக்கு நடக்கிறது. ராக் இரவல் பிரச்சினை இல்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.


பதிவு 7 · சத்துவாச்சாரி டீச்சர்

ஐயா, இந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியாது. அமெரிக்கக் கிளாசிக் ராக் நிலையத்தின் நேயர் பெரும்பாலும் நடுவயது ஆண். இரவு இளையராஜாவைக் கேட்பவர்கள் சமையலறையை ஒழுங்கு செய்யும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், சிஎம்சி மருத்துவமனை வார்டுக்கு வெளியே படுத்திருக்கும் உறவினர்கள், என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எல்லாரும்தான். ஒரு துண்டை அறுத்து விற்பது பற்றி எழுதினீர்கள். இங்கே அறுக்கவே இல்லையே. பாட்டுப் பட்டியல் குறுகியது என்பது உண்மை; காரணம் வேறாக இருக்க வேண்டும்.


பதிவு 8 · ராணிப்பேட்டை ஸ்பாட்

டீச்சர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. பாலாற்றங்கரை ஐயா விரும்பாத ஒரு கோணத்தையும் இங்கே வைக்கிறேன்.

1952இல் பீட்டர் ஸ்டெய்னர் என்ற பொருளியலாளர் வானொலியைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். அதை நம் ஊர்ப் பேருந்துகளை வைத்துச் சொல்கிறேன். மூன்று வெவ்வேறு முதலாளிகளிடம் ஆளுக்கொரு பேருந்து இருந்தால், மூவரும் வேலூர்–ஆற்காடு தடத்தில்தான் விடுவார்கள். அந்தத் தடத்துக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கே அமிர்திக்குப் போகும் மொத்தக் கூட்டத்தைவிடப் பெரியது. மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்றால், தன் பேருந்தோடு தானே போட்டியிட விரும்பாமல் ஒன்றை அமிர்திக்கு அனுப்பக்கூடும். வானொலியிலும் அப்படியே. ஒரே உரிமையாளர் பல நிலையங்களை வைத்திருந்தால் சிறு ரசனைக்கும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பலர் தனித்தனியே போட்டியிட்டால் எல்லாரும் ஒரே பாட்டைப் போடுவார்கள்.

இந்தியாவில் நடந்தது பின்னதுதான். இரண்டாம் கட்டம் வரை ஒரு நகரத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலைவரிசைதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒரே நிலையத்தை மிகப் பெரிய கூட்டத்தின் மேல் நிறுத்தியது. டெல்லியில் ஏறக்குறைய எல்லா நிலையமும் இந்தித் திரைப்பாட்டு, சென்னையில் ஏறக்குறைய எல்லா நிலையமும் தமிழ்த் திரைப்பாட்டு என்று ஆனதன் காரணம் இதுவே. ஆங்கில இசைக்கென்று 2006 முதல் ரேடியோ இண்டிகோ பெங்களூரில் இயங்க முடிந்தது. அங்கே கார், அடுக்குமாடி வீடு, உயர்தர உணவகம் விற்பவர்களுக்குச் சிறிய, ஆனால் பணமுள்ள கூட்டம் போதுமாயிருந்தது. மூன்றாம் கட்டத்தில் ஒரு நகரத்து அலைவரிசைகளில் 40 சதவீதம் வரை ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். நாடு முழுவதுக்கும் 15 சதவீதம் என்ற வரம்பு 2023 வரை இருந்தது. அமெரிக்கா 1996இலேயே நீக்கிவிட்ட வகை வரம்பு அது. அப்படியிருக்க, உடைமைக் குவிப்புதான் ராக்கைக் கொன்றது என்றால், குவிப்பே இல்லாத நம் நாட்டில் ராக் ஏன் பிறக்கவே இல்லை?


பதிவு 9 · பாலாற்றங்கரை (வேலூர்)

அருமையான கேள்வி. ஸ்டெய்னரின் கணக்கை நானும் அறிவேன். அதில் ஒரு முன்னிபந்தனை உண்டு: அமிர்திப் பேருந்தை ஓட்டும் செலவுக்கு மேலாவது கட்டணம் வர வேண்டும். 1996க்குப் பிறகு அமெரிக்காவில் நிகழ்ச்சி வடிவங்களின் பெயர்ப் பட்டியல் நீண்டது உண்மை. 'ஆக்டிவ் ராக்', 'மாடர்ன் ராக்', 'அடல்ட் ஆல்டர்னேட்டிவ்' என்று பலகைகள் மாறின. ஆனால் உள்ளே ஒலித்த பாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன என்று அக்காலத்து ஆய்வாளர்களே எழுதினார்கள். மூன்று பேருந்திலும் மூன்று பலகை, மூன்றும் ஆற்காட்டுக்குத்தான்.

கடன் அதற்குக் காரணம். கிளியர் சேனலை 2008இல் பெய்ன் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கடனைக் கொண்டே வாங்கின. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறிய அந்நிறுவனம் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடனோடு 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதற்கு நான்கு மாதம் முன்னால் இன்னொரு பெரிய வானொலி நிறுவனமான க்யூமுலஸும் அதையே செய்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளூர் ஒலிபரப்பாளர்களை நீக்கி, வேறெங்கோ ஒருவர் முன்கூட்டிப் பதிந்த குரலைப் பல ஊர்களில் ஓடவிட்டார்கள். உள்ளூர்க் குழுவின் இசைத்தட்டைக் கையில் வாங்க நிலையத்தில் ஆளே இல்லாத நிலை அது.

குவிப்பும் கடனும் சேர்ந்தால் அமெரிக்கா. உரிமக் கட்டணமும் ஒற்றை அலைவரிசையும் சேர்ந்தால் இந்தியா. இரண்டிலும் நிலையத்தின் கழுத்தில் மாதாந்திரத் தவணை இருக்கிறது. டீச்சர் கேட்ட 'வேறு காரணம்' இதுதான் என்பேன்.


பதிவு 10 · விளாப்பாக்கம் கிடார்

பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கல்லூரியில் படிக்கிறேன், ஒரு குழுவில் கிடார் வாசிக்கிறேன். நீங்கள் எல்லாரும் வணிக வானொலியையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு விந்தையாக இருக்கிறது. புதிய ராக் வணிகமல்லாத வானொலியில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி நேயர் நன்கொடையில் இயங்குகிறது. அதன் நேரலைக் காணொளிகளைப் பார்த்துத்தான் நான் பாதி வாசிக்கக் கற்றேன். ஆஸ்திரேலியாவில் 1975இல் டபுள் ஜே என்று தொடங்கிய அரசு நிலையம் ட்ரிபிள் ஜே ஆகி இன்றுவரை உள்நாட்டுக் குழுக்களை வளர்க்கிறது. இங்கிலாந்தில் பிபிசி தன் 6 மியூசிக் நிலையத்தை மூட 2010இல் முடிவெடுத்தபோது நேயர்கள் போராடி அதைத் தடுத்தார்கள்.

நம் பக்கத்தில் ராக் கேட்க ஆளில்லை என்பதும் உண்மையில்லை. 2007இல் பெங்களூரில் அயர்ன் மெய்டன் வந்தபோதும், 2011இல் மெட்டாலிக்கா வந்தபோதும் காட்பாடியில் ரயிலேறிப் போனவர்களை எங்கள் ஊர் அண்ணன்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். விஐடியின் ரிவியேரா விழாவில் ராக் குழு மேடையேறினால் கூட்டம் இருக்கிறது. தமிழிலும் 2018இல் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து பாடியது. அதன் பாடல்கள் யூடியூப் வழியாகவே எங்களிடம் வந்தன. கூட்டம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, நடுவில் வானொலிதான் இல்லை. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி தொடங்கலாமே, அதையாவது பயன்படுத்தக் கூடாதா?


பதிவு 11 · ஆம்பூர் தோல்

தம்பி, சமூக வானொலியின் கடத்தி 50 வாட்தான். விளாப்பாக்கத்தில் தொடங்கினால் ஆற்காட்டைத் தாண்டுவது சிரமம். விளம்பரத்துக்கு 2006இன் கொள்கை முதலில் தந்தது மணிக்கு ஐந்து நிமிடம். வேளாண்மை, உடல்நலம், கல்வி என்று சமூகத்துக்கான நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதற்காகத் தரும் உரிமம் அது; அதில் கிடாருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், கிடாருக்காக நிலையம் நடத்த முடியாது. இருந்தாலும் நீங்கள் சொன்ன கேஇஎக்ஸ்பி, ட்ரிபிள் ஜே உதாரணங்கள் பாலாற்றங்கரை ஐயாவின் வாதத்தையே உறுதி செய்கின்றன. விற்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் அதே இசை, அதே காலத்தில், அதே ஸ்ட்ரீமிங் போட்டிக்கு நடுவில் நேயரோடு இருக்கிறது.


பதிவு 12 · கோட்டை வாசல்

இப்போது எனக்கு இழையின் தொடர்பு புரிகிறது. ஆனால் ராணிப்பேட்டை சாரிடம் ஒன்று நேரடியாகக் கேட்கிறேன். இந்தத் தம்பியின் குழு பதிவு செய்த ஒரு பாட்டை வேலூர் நிலையம் ஒன்றில் ஒரே ஒரு முறையாவது ஒலிக்கவைக்க வழி உண்டா, இல்லையா? கொள்கை பேசியது போதும்.


பதிவு 13 · ராணிப்பேட்டை ஸ்பாட்

வழி உண்டு, குறுகலான வழி.

இரவு பதினொரு மணிக்கு மேல் உள்ள நேரம் பெரும்பாலும் விற்காது. பகல் நேரம் வாங்கும் கடைக்காரருக்கு அதை போனஸ் ஸ்பாட்டாகச் சும்மா கொடுப்போம். அந்நேரத்தில் நிலையத்தில் ஆளும் இருக்காது. கணினி தன்னிடமுள்ள பட்டியலைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலுக்குள் ஒரு பாட்டைச் சேர்ப்பதால் நிலையத்துக்கு இழப்பில்லை. ஆனால் சேர்க்கச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் ஒரு புரவலர். கிடார், கீபோர்டு விற்கும் கடையோ, ஒரு கல்லூரியோ வாரம் ஒரு அரை மணி நேரத்தை 'வேலூர் மேடை' என்பதுபோல ஒரு பெயரில் எடுத்துக்கொண்டால், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மறுக்கமாட்டார்.

உரிமைத் தொகை அடுத்த தடை. பெரிய இசை நிறுவனங்களுக்கு, நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று 2010இல் பதிப்புரிமை வாரியம் தீர்த்துவைத்தது; அந்த ஏற்பாடு 2020 வரை இருந்தது. நிலையம் அதை வருவாய்க் கணக்கில் கட்டிவந்தது. தனிக் குழுவின் பாட்டுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே பாடலாசிரியர், இசையமைத்தவர், பாடியவர், பதிவுக்கூடம் நான்கு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கொண்டுபோக வேண்டும். நான் இருந்த நிலையத்தில் தள்ளிப்போன உள்ளூர்ப் பாட்டுகளில் பெரும்பான்மை இந்தக் கடிதம் இல்லாததால் தள்ளிப்போனவை, பிடிக்காததால் இல்லை. எம்பி3 கொடுக்காமல் ஒலித்தரம் குறைக்காத வேவ் கோப்பாகக் கொடுங்கள். நான்கு நிமிடத்துக்குள் ஒரு வடிவம் தனியாக வைத்திருங்கள். முன்னிசையைக் குறைக்கச் சொல்வார்கள், தம்பி சண்டை போட வேண்டாம். அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகள் தனியாருக்கும் பொருந்தும் என்பதால், பாட்டில் கட்சிப் பெயர், சாதிப் பெயர் வந்தால் எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் பொறுப்பாளர் பயப்படுவார்.


பதிவு 14 · விளாப்பாக்கம் கிடார்

மிக்க நன்றி அண்ணா. எங்கள் பாட்டில் அப்படி எதுவும் இல்லை. பாலாற்று மணலைப் பற்றியது. அது பரவாயில்லையா? ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடைக்காரர்களிடம் பணம் இருக்கும், அப்போதே போய்க் கேட்கலாமா?


பதிவு 15 · ராணிப்பேட்டை ஸ்பாட்

மணல் என்றால் வரிகளை முதலில் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். யாரைக் குறை சொல்கிறது என்பதைப் பொறுத்தது. ஆடியில் போகவே போகாதீர்கள். துணிக்கடை விளம்பரம் நள்ளிரவு வரை வழியும், உங்களைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது. தீபாவளி முடியும் வரை அதே கதைதான். பொங்கல் கழிந்து மாசி மாதம் பாருங்கள்: பரீட்சைக் காலம், கடைகளில் கூட்டமில்லை, நிதியாண்டு முடிய ஒரு மாதம்தான் இருக்கும், விற்பனை இலக்கு பாக்கி நிற்கும். அப்போது ஒரு கிடார் கடைக்காரரை அழைத்துக்கொண்டு போனால் மேலாளரே எழுந்து நாற்காலி போடுவார்.